ரிலே நீச்சலை நம்பி ஒரு பையன் மேலே வர முடியுமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகனுக்கு 14 வயது. கிணற்றில் நீந்தக் கற்றுக்கொண்டு, அப்புறம் கிருஷ்ணகிரியில் நீச்சல் குளத்துக்குப் போய்ப் பழகியவன். 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1 நிமிடம் 3 விநாடியில் முடிக்கிறான். தனிப் போட்டிகளில் நான்காவது, ஐந்தாவது என்று நின்றுவிடுகிறான். நான்கு பேர் ஒருவர்பின் ஒருவராக நீந்தும் ரிலேயில்தான் மெடல் வருகிறது. "இவன் ரிலேக்கு ஏத்த பையன்" என்று சொல்லும் கோச், எப்போதும் அவனை மூன்றாவது ஆளாகவே இறக்குகிறார். ரிலேயை வைத்து மேலே போக முடியுமா, பிற்பாடு ஒரு வேலைக்கு ஆகுமா, பெங்களூருக்கு அனுப்ப வேண்டுமா, மூன்றாவதாக இறக்குவது திறமை குறைவு என்பதாலா? இவைதான் கேள்விகள்.

நான் கல்லூரிக் காலத்தில் பல்கலைக்கழக ரிலே அணியில் நீந்தியவன். இப்போது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் 'ரிலே ஆள்' என்று தனியாக யாரையும் எந்த அணியும் எடுப்பதில்லை. அணி எடுக்கும்போது பார்ப்பது தனி ஆளாக அவன் போட்ட 100 மீட்டர் டைமிங்கை. 4×200 மீட்டர் என்றால் 200 மீட்டர் டைமிங்கை. ரிலேக்கான கதவு அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கதவு தனிப் போட்டியின் கதவைவிட அகலமானது. தேசியப் போட்டிக்கு ஒரு மாநிலம் ஒரு தனி நிகழ்ச்சிக்கு இரண்டு பேரைத்தான் அனுப்பும். ரிலேக்கு நான்கு பேர் வேண்டும். மாநிலத்திலேயே மூன்றாவது, நான்காவது வேகமான பையன்கள் தேசியப் போட்டிக்கு ரயில் ஏறுவது பெரும்பாலும் ரிலேயால்தான். அதனால் உங்கள் மகன் துரத்த வேண்டியது மாநில சாம்பியனை அல்ல. மாநிலப் போட்டியில் அவன் வயதுப் பிரிவில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நான்காவதாக வந்த பையனின் டைமிங்கைத்தான். ரிசல்ட் தாளை வாங்குங்கள். இந்த வருஷம், போன வருஷம், அதற்கு முந்தைய வருஷம் என்று நான்காவது இடத்தின் நேரத்தை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் மகனுக்கும் அந்த நேரத்துக்கும் இடையில் எத்தனை விநாடி என்பதுதான் உங்கள் கேள்விக்கான நேர்மையான பதில். அது வருஷா வருஷம் சுருங்கினால் அவன் சரியான பாதையில் போகிறான். அப்படியே நின்றால் கோச்சிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

அந்தக் கணக்கைப் போடும்போது இரண்டு இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு மூன்று டர்ன் வரும். ஒவ்வொரு டர்னிலும் சுவரை உதைத்துத் தள்ளும் வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. 50 மீட்டர் குளத்தில் ஒரே ஒரு டர்ன். அதே பையன் சென்னை வேளச்சேரி குளத்தில் நீந்தினால் ஏறக்குறைய இரண்டு விநாடி கூடும். அங்கே இவனுடைய 1:03 என்பது 1:05 பக்கம் வரும். அடுத்தது ரிலே ஸ்ப்ளிட், அதாவது ரிலேயில் ஒருவன் தன் பங்கை நீந்த எடுக்கும் நேரம். ரிலேயில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆள் போடும் நேரம் எப்போதும் கொஞ்சம் அழகாகத்தான் தெரியும். துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருக்காமல், முன்னால் வருகிறவனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கிளம்பலாம் என்பதால் அரை விநாடி வரை மிச்சமாகிறது. "ரிலேயில் 1:01 போட்டான்" என்று பெற்றோர் பெருமையாகச் சொல்வார்கள். அது அவனுடைய 100 மீட்டர் நேரம் அல்ல. அதிகாரப்பூர்வ நேரமாக ஏற்கப்படுவது முதல் ஆளின் நேரம் மட்டும்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் ஈமன் சல்லிவன் ரிலேயின் முதல் ஆளாக 47.24 விநாடியில் நீந்தியது 100 மீட்டரின் உலக சாதனையாகவே பதிவானது. 2024 பிப்ரவரியில் தோஹா உலகப் போட்டியில் சீனாவின் பான் ஜான்லே போட்ட 46.80-ம் ரிலேயின் முதல் ஆளாகப் போட்டதுதான்.

ரிலேயை மட்டும் வைத்து ஒரு வாழ்க்கையா என்ற கேள்விக்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது அமெரிக்காவின் ஜேசன் லீஸாக்கை. 2000 முதல் 2012 வரை நான்கு ஒலிம்பிக். எட்டு மெடல், அதில் நான்கு தங்கம். எட்டில் ஏழு ரிலேயில் வந்தவை. தனிப் போட்டியில் அவருக்கு ஒலிம்பிக்கில் கிடைத்தது ஒரே ஒரு வெண்கலம், அதையும் இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார். 2004 ஏதென்ஸில் 100 மீட்டரில் மெடல் அடிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது ஹீட்ஸ் என்கிற முதல் சுற்றிலேயே வெளியேறினார். 4×100 ஃப்ரீஸ்டைல் ரிலேயிலும் தோல்விதான் முதலில் வந்தது. 2000 சிட்னி வரை அந்த நிகழ்ச்சியில் அமெரிக்கா ஒலிம்பிக்கில் தோற்றதே கிடையாது. முதல் முறையாகத் தோற்ற அணியில் லீஸாக் இருந்தார். ஏதென்ஸில் வெண்கலம்.

பெய்ஜிங்கில் அவருக்கு வயது 32. கடைசி ஆளாகத் தண்ணீரில் குதித்தபோது பக்கத்து லேனில் பிரான்ஸின் அலென் பெர்னார் முன்னால் போய்க்கொண்டிருந்தார். ரிலே தொடங்கும்வரை 100 மீட்டரின் உலக சாதனை பெர்னாரின் கையில் இருந்தது. கடைசி 50 மீட்டருக்குத் திரும்பும்போது இருவருக்கும் இடையில் ஏறக்குறைய ஓர் உடல் நீளம். பெர்னார் லேன் கயிற்றை ஒட்டி நீந்தினார். லீஸாக்கும் தன் பக்கத்தில் கயிற்றை ஒட்டிக்கொண்டு, அவர் எழுப்பிய அலையிலேயே இழுபட்டு வந்தார். கடைசிச் சில மீட்டரில் எட்டிப் பிடித்து, 0.08 விநாடி வித்தியாசத்தில் சுவரைத் தொட்டார். அவருடைய ஸ்ப்ளிட் 46.06. அணியின் நேரம் 3:08.24. 2024 பாரிஸில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் நேரம் 3:09.28 என்பதை வைத்து அது எப்படிப்பட்ட நீச்சல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2008-இல் இப்போது தடை செய்யப்பட்ட நீச்சல் உடைகள் புழக்கத்தில் இருந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பக்கத்து லேனில் இருந்தவரும் அதே காலத்து உடைதானே போட்டிருந்தார்!

அதே அணிக்காக ஹீட்ஸில் நீந்தியவர்களில் நேதன் ஏட்ரியனும் ஒருவர். இறுதிப் போட்டியில் அவர் இல்லை. ஆனால் ஒலிம்பிக் விதிப்படி ஹீட்ஸில் நீந்தியவருக்கும் மெடல் உண்டு, அவருக்கும் தங்கம் கிடைத்தது. நான்கு வருஷம் கழித்து லண்டனில் 100 மீட்டர் தனிப் போட்டியில் 0.01 விநாடியில் தங்கம் வென்றவர் அவர்தான். அதே லண்டனில் 36 வயதான லீஸாக் ரிலே ஹீட்ஸில் மட்டும் நீந்தி வெள்ளி வாங்கினார். ஐந்தாவது, ஆறாவது ஆளாக அணியில் இருப்பவன் வீணாகப் போகிறவன் இல்லை என்று பிள்ளைகளிடம் இந்த இரண்டு பேரை வைத்துத்தான் சொல்கிறேன். நம் நாட்டிலும் ரிலேக்கு வரலாறு உண்டு. 1951 டெல்லி ஆசியப் போட்டியில் சச்சின் நாக் 100 மீட்டரில் தங்கம் வென்றார். அவர் இருந்த 4×100 ஃப்ரீஸ்டைல் ரிலே அணி வெண்கலம் வென்றது.

இனி உங்கள் மகன் விஷயம்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பயம் கிடையாது. தென்பெண்ணைக் கரையிலும் கிணற்று மேட்டிலும் வளர்ந்தவர்கள். அது பெரிய சொத்து, நகரத்துப் பிள்ளைக்கு அதை வரவழைக்கவே மாதக்கணக்காகும். ஆனால் கிணற்றில் தலையைத் தூக்கியபடி, சுற்றிப் பார்த்துக்கொண்டே நீந்திப் பழகியிருப்பார்கள். தலை மேலே போனால் இடுப்பு கீழே இறங்கும். உடம்பு சாய்வாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். கால் முழங்காலிலிருந்து மடங்கி உதைக்கும். 50 மீட்டர் வரை பலத்தால் சமாளித்துவிடுவான், அடுத்த 50-இல் கை கனத்துப் போகும். உங்கள் மகனின் 1:03-ஐ முதல் 50, இரண்டாவது 50 என்று பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் நான்கு விநாடிக்கு மேல் இருந்தால் பிரச்சினை மூச்சிலும் உடம்பின் நிலையிலும் இருக்கிறது, பலத்தில் இல்லை. பார்வை நேராகக் குளத்தின் அடியில் இருக்கும் கறுப்புக் கோட்டில் இருக்கட்டும். மூச்சுக்குத் தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பட்டும். இது ஒன்றைச் சரி செய்தாலே நேரம் இறங்கும். அதோடு 14 வயது என்பது உயரமும் கை நீளமும் கூடுகிற வயது. 17 வரை யாரையும் 'இவ்வளவுதான்' என்று முடிவு கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டேக்-ஓவர், அதாவது வருகிறவன் சுவரைத் தொடும்போது அடுத்தவன் குதித்துக் கிளம்புவதுதான் ரிலேக்காரன் தனியாகக் கற்க வேண்டிய வித்தை. நம் பக்கம் அதைப் போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம்தான் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் ரொம்ப ஆதங்கம். தனிப் போட்டியில் சத்தம் கேட்டு, குதிக்கும் மேடையான பிளாக்கை விட்டுக் கால் எடுக்க நல்ல நீச்சல்காரனுக்கே 0.6, 0.7 விநாடி ஆகும். ரிலேயில் நன்றாகப் பழகியவனுக்கு 0.2 போதும். மூன்று டேக்-ஓவரில் ஒன்றரை விநாடி. எந்த மெடலும் அந்த ஒன்றரை விநாடிக்குள்தான் கைமாறுகிறது.

வேலை இப்படித்தான் நடக்கும். பிளாக்கின் விளிம்பைக் கால் விரலால் கவ்விக்கொண்டு நிற்கிறான். இரண்டு கையும் முன்னால் நீண்டு, வருகிறவனின் தலையைக் குறிபார்த்து, அவன் நெருங்க நெருங்க மெல்லத் தாழ்கின்றன. குளத்தின் அடியில் கறுப்புக் கோடு சுவருக்கு இரண்டு மீட்டர் முன்பே குறுக்குக் கட்டையாக முடியும். வருகிறவனின் தலை அந்தக் குறுக்குக் கோட்டைத் தொடும் நேரத்தில் இவன் கை பின்னோக்கிச் சுழலத் தொடங்க வேண்டும். கை சுற்றி முன்னால் வரும்போது உடம்பு ஏற்கெனவே முன்னோக்கி விழுந்துகொண்டிருக்கும். அவன் விரல் சுவரில் படுகிறபோது இவனுடைய கால் விரல் மட்டும் பிளாக்கில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். வருகிறவனுக்கும் கடமை உண்டு. கடைசி ஐந்து மீட்டரில், மேலே கட்டிய கொடிகளைத் தாண்டியபின், மூச்சு எடுக்கக் கூடாது, தலை தூக்கிப் பார்க்கக் கூடாது, கையை நீட்டிக்கொண்டு மிதந்து வரக் கூடாது. அவன் வேகத்தை மாற்றினால் மேலே நிற்பவனின் கணக்கு தப்பிவிடும். அதனால் எந்த இரண்டு பேர் போட்டியில் அடுத்தடுத்து இறங்குகிறார்களோ அதே இரண்டு பேர் வாரத்துக்கு இரண்டு முறையாவது சேர்ந்து பழக வேண்டும். தனித்தனியாகப் பழகினால் இது வராது.

ஒரு எச்சரிக்கை. குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில் டைவ் பழக விடாதீர்கள். பிளாக் இருக்கும் இடத்தில் சுவரிலிருந்து 1 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை ஆழம் குறைந்தது 1.35 மீட்டர் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதைவிட ஆழம் குறைந்த தண்ணீரில் தலைகீழாகக் குதித்தால் கழுத்து போய்விடும்.

முந்திக் குதித்தால் நான்கு பேரும் வெளியே. மின்னணுக் கருவி இருக்கும் பெரிய போட்டிகளில் 0.03 விநாடி வரை பொறுத்துக்கொள்வார்கள். மாவட்டப் போட்டியில் நடுவரின் கண்தான் கருவி. அதனால் 0.2 என்ற இடத்திலேயே நிறுத்திப் பழகுங்கள். இன்னொரு விதியைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்: எல்லா அணியும் முடிக்கும்வரை வேறு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. 2001 ஃபுகுவோகா உலகப் போட்டியில் பெண்கள் 4×200 ரிலேயில் முதலாவதாக வந்த ஆஸ்திரேலிய அணி, சந்தோஷத்தில் முன்கூட்டியே தண்ணீரில் குதித்ததால் தங்கத்தை இழந்தது.

பெங்களூரு பற்றி. பசவனகுடி போன்ற இடங்களில் நல்ல மையங்கள் இருப்பது உண்மை. ஓசூரில் இருப்பவர்களுக்கு அது 40 கிலோமீட்டர். சிரமப்பட்டுப் போய்வருகிற குடும்பங்கள் உண்டு. காவேரிப்பட்டணத்திலிருந்து தினமும் விடியற்காலைப் பயிற்சிக்குப் போய்வர முடியாது, விடுதியில்தான் விட வேண்டும். பத்தாம் வகுப்பு முடியும்வரை அதை நான் சொல்லமாட்டேன். கோடை விடுமுறையில் ஒரு மாதம் 50 மீட்டர் குளத்தில் பழக அனுப்புங்கள், அது போதும். நம் ஊர்த் திறந்தவெளிக் குளத்தில் மார்கழி, தை மாதக் குளிரில் தண்ணீரில் நிற்கவே முடியாது. அந்த இரண்டு மாதத்தை ஓட்டம், ஸ்கிப்பிங், தோள்பட்டைக்கான ரப்பர் பேண்ட் பயிற்சி என்று வைத்துக்கொண்டால் பழுதில்லை. சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களியும் முட்டையும் வேர்க்கடலையும் இருக்கிற ஊரில் டப்பா பவுடர் வாங்கிக் கொடுக்கத் தேவையில்லை. அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பின்னால் பெங்களூருக்கே அனுப்பினாலும் தமிழ்நாட்டுக்காகத்தான் நீந்த வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். நீச்சலில் கர்நாடகம் பலமான மாநிலம். அங்கே நான்காவது இடம் இங்கே உள்ளதைவிட வெகு தூரத்தில் இருக்கிறது. நம் மாநில அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் தமிழ்நாட்டின் சார்பில் பங்கேற்றதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

வேலை என்றால், தமிழ்நாடு அரசுப் பணிகளில் 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, ராணுவம், காவல்துறை ஆகியவை தங்கள் சொந்த நீச்சல் அணிகளைத் தேசியப் போட்டிக்கு இறக்குகின்றன. அந்த அணிகளுக்கும் ரிலேக்கு நான்கு பேர் வேண்டும். மத்திய அரசு வேலைகளில் சான்றிதழைப் படிவம் 1 முதல் 4 வரை பிரிப்பார்கள்: சர்வதேசம், தேசியம், பல்கலைக்கழகங்களுக்கு இடையேயானது, பள்ளிகளுக்கான தேசியப் போட்டி. ரிலே மெடலைக் குழுப் போட்டியாக எடுத்துக்கொள்வதா, தனிப் போட்டியாக எடுத்துக்கொள்வதா என்பது அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும், வரிக்கு வரி படியுங்கள். ரிலேயில் நீந்திய நான்கு பேரின் பெயரும் ரிசல்ட் தாளில் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனின் முதலெழுத்து மாறிப்போய், சான்றிதழைத் திருத்தி வாங்குவதற்குள் விண்ணப்பத் தேதியே முடிந்துவிட்டது. நல்ல பிள்ளை, கடினமாக உழைத்தவன். இன்றும் நினைத்தால் மனசு கேட்கவில்லை. கல்லூரிக்குப் போகும்போது இன்னொரு வழியும் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பெரிய நகரத்துப் பல்கலைக்கழகங்களைவிட இங்கே ரிலே அணியில் இடம் பிடிப்பது எளிது. ஆனால் அகில இந்திய அளவில் மெடல் வாங்குவது கடினம். எது வேண்டும் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பில் அவனுடைய டைமிங்கைப் பார்த்து முடிவு செய்யலாம். அதற்கும் பிறகு என்.ஐ.எஸ். (பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம்) டிப்ளமா முடித்துப் பயிற்சியாளராக வரலாம். நம் மாவட்டங்களுக்கு நல்ல நீச்சல் பயிற்சியாளர்கள் எவ்வளவு வேண்டும் என்பது இங்கே குளத்துக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும்.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். அவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். போட்டியிடுகிறவர்கள் குறைவு என்பதால் மாநிலத்தில் நான்காவது இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்தும் கலப்பு ரிலேயும் இப்போது உலகப் போட்டிகளில் உண்டு. வயசுக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக மூன்றாவது ஆள் விஷயம். மெதுவான பையனை மூன்றாவதாக மறைத்து வைக்கிற பழக்கம் இருப்பது உண்மைதான். ஆனால் வேலையைப் பார்த்தால் முதல் ஆள் வந்து தொட்டால் போதும், கடைசி ஆள் குதித்தால் போதும். இரண்டாவது, மூன்றாவது ஆள் இரண்டையும் சரியாகச் செய்ய வேண்டும். மூன்றாவது ஆள் இறங்கும்போது தண்ணீர் முழுக்கக் கலங்கி அலையடிக்கும், பக்கத்து லேனில் முன்னால் போகிறவனின் குமிழிதான் கண்ணுக்குத் தெரியும். பதற்றப்படாத பையனைத்தான் நல்ல கோச் அங்கே நிறுத்துவார். கோச்சிடம் சண்டைக்குப் போகாமல் ஒன்று கேளுங்கள்: அடுத்த மாவட்டப் போட்டியின் ரிலேயில் ஒரு முறை இவனை முதல் ஆளாக இறக்க முடியுமா என்று. அணிக்காக நீந்தும்போது தனியாக நீந்துவதைவிட வேகமாக வருகிற பிள்ளைகள் உண்டு, இவன் அந்த ரகம் என்று தோன்றுகிறது. முதல் ஆளாக நீந்தினால் அந்த வேகம் 100 மீட்டர் நேரமாகவே பதிவாகும். அந்த நேரத்தை வைத்து மாநிலப் போட்டிக்கு 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டுக்கும் பெயர் கொடுங்கள். 200-க்குப் பெயர் கொடுக்கிற பையன்கள் குறைவு, 4×200 அணிக்கு ஆள் தேடுவார்கள்.